ஒரு கோருக்குப் பத்து வெள்ளி போதுமா?

பட்டர்வொர்த்தில் சிசிடிவி, மின் வயரிங் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. வளாகத்துக்குள் வடிகால் தோண்டிய பேக்ஹோ, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மண்ணுக்கடியில் ஓடும் 48 கோர் (48 கண்ணாடி இழை கொண்ட) ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டது. கேபிள் தொழிற்சாலைக்கே சொந்தம். தொலைத்தொடர்பு நிறுவனம் எதற்கும் அதில் பங்கில்லை. சரிசெய்து தர விலை கேட்கிறார்கள். "கோருக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) போடு, அதுதான் மார்க்கெட் விலை" என்கிறார் ஒரு நண்பர். "கண்ணை மூடிக்கொண்டு ஐயாயிரம் கேள்" என்கிறார் இன்னொருவர். இந்த விலையெல்லாம் எப்படிப் போடுகிறார்கள், இழை ஒட்டும் மெஷின் சொந்தமாக இல்லாமல் வாடகைக்கு எடுத்து இந்த வேலையைப் பிடிக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, நான் செம்புக் கேபிள்களை இணைக்கும் ஜாயிண்டராகத் தொடங்கியவன். 2010இல் யூனிஃபை ஃபைபர் இணையச் சேவை வந்த காலத்தில் ஃபைபருக்கு மாறினேன். அன்றிலிருந்து தீவிலும் அக்கரையில் பிறை ஊர்ப் பக்கமும் இதே வேலைதான். அந்த அனுபவத்தில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் நண்பர் சொன்ன பத்து வெள்ளி பொய்யில்லை. அது வேறு வேலையின் விலை.

புதுக் கட்டடம், புதுக் கேபிள், குளிரூட்டிய அறை, மேசை, நாற்காலி, நல்ல வெளிச்சம். ரேக்கில் கேபிளின் இழைகள் வந்து முடியும் ஓடிஎஃப் பெட்டி தயாராக இருக்கிறது. கேபிளை வேறொரு கூட்டம் இழுத்துப் போட்டுவிட்டது. ஜாயிண்டர் உட்கார்ந்து பிக்டெயில்களை (ஒரு முனையில் கனெக்டர் உள்ள குட்டை இழைகளை) ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போகிறார். கை பழகியவர் ஒரு நாளில் நூறு, நூற்றிருபது கோர் முடிப்பார். அங்கே கோருக்குப் பத்து வெள்ளி என்றால் நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் வருகிறது. இரண்டு பேர் கூலி, வேன், மெஷின் தேய்மானம் போகவும் மிச்சம் நிற்கும். இழைகள் பட்டையாகச் சேர்ந்திருக்கும் ரிப்பன் கேபிள் என்றால் 12 கோரையும் ஒரே சூட்டில் ஒட்டிவிடலாம். கோர் விலை அதைவிடக் கீழே போனாலும் தாங்கும். எண்ணிக்கை அதிகம், இடைஞ்சல் குறைவு என்ற இடத்தில் பிறந்த விலை அது.

பழுது வேலை அப்படியே தலைகீழ். ஒட்ட வேண்டிய கோர் குறைவு, ஒட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குத்தான் பாடு அதிகம். அதனால் பழுதுக்கு விலை போடும்போது கோரைக் கடைசியில் எண்ணுங்கள். மணிநேரத்தையும் ஜாயிண்டையும், அதாவது கேபிள் முனைகளை இணைக்கும் இடங்களையும், முதலில் எண்ணுங்கள்.

ஜாயிண்ட் எண்ணுவதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். கேபிள் ஒரே இடத்தில்தானே அறுந்தது, ஒரு ஜாயிண்ட் போட்டால் போதாதா என்று தோன்றும். பேக்ஹோ வாளி கத்திபோல நறுக்காது, மாட்டி இழுக்கும். இழுத்த இழுப்பில் இரண்டு பக்கமும் சில மீட்டர் தூரத்துக்கு உள்ளே கண்ணாடி இழை விரிசல் கண்டிருக்கும். வெளியுறையைப் பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தப் பகுதியை வெட்டி எறிந்தே ஆக வேண்டும். வெட்டி எறிந்தால் கேபிள் எட்டாது. பக்கத்து மேன்ஹோலில் முன்பு போட்டவர் பத்து இருபது மீட்டர் சுருட்டி வைத்திருந்தால் உங்களுக்கு நல்ல நேரம்: அதை இழுத்து ஒரே ஜாயிண்டில் முடிக்கலாம். இல்லையென்றால் இரண்டு மேன்ஹோலுக்கும் நடுவே புதுத் துண்டுக் கேபிள் இழுத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்ட் போட வேண்டும். 48 கோர் கேபிளுக்கு 96 ஸ்ப்ளைஸ் (இழை ஒட்டு), இரண்டு க்ளோஷர் (ஜாயிண்டை மூடும் தண்ணீர் புகாத பெட்டி). விலை கேட்டு வரும் கடிதத்தில் '48 கோர் பழுது' என்று மட்டும்தான் எழுதியிருப்பார்கள். 48 என்று படித்து 48 என்றே பெருக்குபவர் அந்த இடத்திலேயே பாதியை இழந்துவிடுகிறார்.

ஆகவே விலை சொல்வதற்கு முன் மேன்ஹோல் மூடியைத் திறந்து பாருங்கள். சுருள் இருக்கிறதா, டக்டில் (கேபிள் ஓடும் குழாயில்) புதுக் கேபிள் நுழைய இடம் இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் அடைமழைக்கு அப்புறம் மேன்ஹோல் என்றால் கிணறுதான். பம்பு வைத்து இறைக்க ஒரு மணிநேரம் போகும். உள்ளே இறங்குவது வேறு விஷயம். மேன்ஹோல் அடைபட்ட இடக் கணக்கில் வருகிறது. இறங்குபவருக்கும் மேலே காவல் நிற்பவருக்கும் தொழில் பாதுகாப்புக் கழகமான நியோஷின் பயிற்சி அட்டை வேண்டும், காற்றைச் சோதித்துச் சொல்ல அதற்குத் தகுதி பெற்ற ஆளும் கருவியும் வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரி இதையெல்லாம் கேட்காமல் மூடியைத் தொடவே விடமாட்டார். கேட்காத இடத்திலும் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை, வாயு இருக்காது என்று நம்பி ஆளை இறக்கிப் போட்ட விலை எதுவும் விலையில்லை.

அடுத்தது ஓடிடிஆர் சோதனை. இழைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் பழுது எங்கே என்று காட்டும் கருவி அது. பேக்ஹோ அறுத்த இடம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே, சோதனை எதற்கு என்று கேட்பீர்கள். நானும் ஒரு முறை அப்படி நினைத்தவன். பிறை பக்கம் ஒரு தொழிற்சாலை, இதே மாதிரி வெட்டு. பார்த்தவுடன் எல்லாம் அடங்கிய ஒரே மொத்த விலை சொல்லிவிட்டேன். இரவெல்லாம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டி, விடியற்காலை ஐந்து மணிக்குச் சோதித்தால் ஆரஞ்சு டியூபில் (கேபிளுக்குள் 12 இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் உறை) இருந்த 12 கோரும் இருட்டு. பேக்ஹோ இழுத்த இழுப்பு அடுத்த மேன்ஹோல் வரைக்கும் போய், அங்கிருந்த பழைய ஜாயிண்டில் இழைகளை அடுக்கும் தட்டுக்குள் அந்த ஒரு டியூபை மட்டும் மடக்கி ஒடித்திருக்கிறது. நாற்பது மீட்டர் தள்ளி. மறுபடி மூடி திறந்து, தண்ணீர் இறைத்து, 12 கோரை ஒட்டி முடிக்கும்போது காலை பத்து மணி. மொத்த விலை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு சென் கூடுதலாகக் கேட்க வழியில்லை. என்னோடு வந்த இரண்டு பையன்களுக்கும் அந்தக் கூடுதல் நேரக் கூலியைக் கைக்காசிலிருந்து கொடுத்தேன்.

அதற்கப்புறம் நான் விலையை இரண்டாகப் பிரித்தே கொடுக்கிறேன். முதல் தாள், போய்ப் பார்த்து இரண்டு முனையிலிருந்தும் ஓடிடிஆர் வைத்து எங்கெங்கே பழுது என்று அறிக்கை தருவதற்கு. இரண்டாவது தாள், அந்த அறிக்கையில் உள்ள பழுதுகளைச் சரிசெய்வதற்கு. வேலை எனக்குக் கிடைத்தால் முதல் தாளின் தொகையைக் கழித்துக்கொள்கிறேன். இதற்குச் சம்மதிக்காத வாடிக்கையாளரை இதுவரை அதிகம் பார்த்ததில்லை.

ஓடிடிஆர் காட்டும் தூரத்தைத் தரையில் கண்டுபிடிப்பதும் நேரம் பிடிக்கிற வேலை. ஒளி இழைக்குள் ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மைக்ரோ நொடி ஆகிறது. போய்த் திரும்பும் நேரத்தை வைத்து மெஷின் தூரத்தைச் சொல்கிறது. அது இழையின் நீளம். இழை கேபிளுக்குள் முறுக்கிப் படுத்திருக்கிறது, அதனால் கேபிளைவிடக் கொஞ்சம் நீளம். மேன்ஹோலுக்கு மேன்ஹோல் சுருட்டி வைத்ததும் அந்தக் கணக்கில் சேர்கிறது. மெஷின் 743 மீட்டர் என்றால், சாலையில் 743 மீட்டர் நடந்து போய்த் தோண்டினால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் வேலையில் இந்தச் சிக்கல் குறைவு. எலி கடித்த கேபிள், பாரம் நசுக்கிய டக்ட் என்று வரும்போது தேடலுக்கே அரை நாள் போகும். அந்த மாதிரி வேலைக்குத் தேடும் நேரத்தை மணிக்கணக்கில் தனியாகப் போடுங்கள். மொத்த விலைக்குள் அடைக்காதீர்கள்.

இப்போது ஒரு கோர் ஒட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்போம். நேரம் எங்கே போகிறது என்பது அப்போதுதான் புரியும். முதலில் பாதுகாப்புக் குழாயை இழையில் கோர்க்க வேண்டும். இதை மறந்து ஒட்டிவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். புதிய பையன் நாளுக்கு இரண்டு மூன்று தடவையாவது மறப்பான். பிறகு மேல்பூச்சை உரிக்கிறோம். வெறும் கண்ணாடி 125 மைக்ரான். அதன் நடுவில் ஒளி ஓடும் பகுதி ஏறக்குறைய 9 மைக்ரான். ஆல்கஹால் நனைத்த தாளால் துடைக்கும்போது இழை சுத்தமாகிவிட்டால் 'கீச்' என்று ஒரு சன்னமான சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குக் காது பழகியவர் திரையைப் பார்க்கத் தேவையில்லை. இழை வெட்டும் க்ளீவரில் வைத்து ஒரு தட்டு. வெட்டு முகம் நேராக இருக்க வேண்டும், கோணம் ஒரு டிகிரிக்குள். மறுமுனைக்கும் இதே வேலை. இரண்டையும் மெஷினில் வைத்து மூடினால், பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்று, ஒரு பொறி. ஒட்டுவதற்குச் சில நொடிதான். பாதுகாப்புக் குழாயைச் சூடேற்ற இன்னும் கொஞ்சம். அப்புறம் தட்டில் வளைவு கெடாமல் சுற்றி, நிறம் பார்த்து அதனதன் பள்ளத்தில் பதிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து கோருக்கு நாலு, நாலரை நிமிடம். ஆக, மெஷின் உண்மையில் வேலை செய்வது இதில் ஒரு நிமிடம்கூட இல்லை. 'மெஷின் பத்து நொடியில் ஒட்டுகிறதே, இதற்கு இவ்வளவா' என்று கேட்கும் வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஐந்து கோர் காட்டுங்கள். பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

இதோடு கேபிளைத் திறக்கும் நேரமும் இருக்கிறது. உறையைக் கீறி, உள்ளே இருக்கும் பசையைத் துடைத்து, டியூபைப் பிரித்து, நடுக் கம்பியை க்ளோஷரில் இறுக்கி, நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று பன்னிரண்டு நிறத்தையும் வரிசைப்படுத்தி முதல் கோருக்கு வருவதற்குள் ஒரு ஜாயிண்டுக்கு இரண்டு மணிநேரம் ஓடிவிடும். கேபிளில் 12 கோர் இருந்தாலும் 48 இருந்தாலும் இந்த நேரம் பெரிதாக மாறாது. கோர் விலையை மட்டும் வைத்துச் சின்னக் கேபிள்களைப் பழுது பார்ப்பவர் நஷ்டப்படுவது இதனால்தான். ஜாயிண்டுக்கு ஓர் அடிப்படைத் தொகை, அதற்கு மேல் கோருக்கு இவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிற முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

உங்கள் வேலைக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் தொகைகள் முறையைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கூலி, உங்கள் கடை விலையை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

சுருள் இல்லை, துண்டுக் கேபிள் இழுக்க வேண்டும் என்று வைப்போம். இரண்டு ஜாயிண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் வரை இழுக்கும். ஆகவே இரண்டு ஜாயிண்டர், இரண்டு உதவியாள், இரண்டு மெஷின். சோதித்துத் தேட ஒன்றரை மணி, பழையதை உருவிப் புதுக் கேபிள் இழுக்க இரண்டரை, முனைகளைத் தயார்செய்ய இரண்டு, பக்கத்துக்கு 48 ஸ்ப்ளைஸுக்கு மூன்றரை, தட்டு அடுக்கி க்ளோஷரை மூட ஒன்று, கடைசிச் சோதனைக்கு ஒன்றரை. மொத்தம் 12 மணிநேரம்: எட்டு மணி வழக்கமான நேரம், நாலு மணி ஓவர்டைம்.

ஜாயிண்டருக்கு நாள் கூலி 150, உதவியாளுக்கு 90 என்றால் நால்வருக்கும் 480 வெள்ளி. மணிக்கு 60 ஆகிறது. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, ஆக நாலு மணிக்கு 360. கூலி மட்டும் 840. வேன், டீசல், டோல், பம்பு எல்லாம் 120. மெஷின்கள், ஓடிடிஆர் தேய்மானம் 150. பொருளுக்கு வந்தால் க்ளோஷர் இரண்டு 500, கேபிள் 80 மீட்டர் 480, குழாய், ஆல்கஹால், டேப், லேபிள் வகையறா 120. இதுவரை 2,210 வெள்ளி. அலுவலகம், காப்புறுதி, கொட்டேஷன் போட்டும் கிடைக்காமல் போன வேலைகளுக்கு அலைந்தது என்று 15 விழுக்காடு, சுமார் 330. ஒரு வருட உத்தரவாதத்துக்கும் எதிர்பாராததுக்கும் 10 விழுக்காடு, 220. இப்போது 2,760. அதன்மேல் 20 விழுக்காடு லாபம் வைத்தால் 550 சேர்ந்து 3,310 வெள்ளி. இதை 96ஆல் வகுத்தால் ஸ்ப்ளைஸுக்கு முப்பத்து நாலரை வெள்ளி. 48ஆல் வகுத்தால் கோருக்கு 69.

இப்போது நண்பரின் பத்து வெள்ளியை இதன் பக்கத்தில் வையுங்கள். 48 கோர் என்று பெருக்கினால் 480. நால்வரின் ஒரு நாள் கூலி, ஓவர்டைம்கூட இல்லாமல். சரி, 96 ஸ்ப்ளைஸ் என்றே வாதாடி வாங்கிவிட்டீர்கள் என்றால் 960. கூலியும் வேனும் போயிற்று; மெஷின், க்ளோஷர், கேபிள் எல்லாம் உங்கள் வீட்டுக் காசு. அந்த ஐயாயிரம் சொன்னவர் இரவு வேலை, ஞாயிறு என்று ஏதோ மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். காரணம் காட்ட முடிந்தால் அந்த எண்ணும் நியாயம்தான். காரணம் இல்லாமல் சொன்னால் இரண்டாவது கொட்டேஷன் வந்தவுடன் விழுந்துவிடும்.

ஞாயிறு, பொது விடுமுறை பற்றி. வாரத்தில் எந்த நாளில் கேபிள் அறும் என்பது நம் கையில் இல்லை. கூலி மட்டும் நாளுக்கு நாள் மாறும். வேலைவாய்ப்புச் சட்டத்தின் ஓவர்டைம் விதிகளுக்குள் வரும் ஆளுக்கு வழக்கமான நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. மேலே சொன்ன அதே 12 மணிநேர வேலைக்கு, நாள் கூலி ஆட்களை ஓய்வு நாளில் கூப்பிட்டால் 840 இருந்த கூலி 1,440 ஆகிறது. பொது விடுமுறையில், விடுமுறைக் கூலியையும் சேர்த்து, 2,160. ஒரு தைப்பூசத்துக்குப் பந்தல் கம்பு ஏற்றிப்போன லோரி ஒன்று குறுக்கே தொங்கிய கேபிளை மாட்டி இழுத்துவிட்டது. தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த என் பையன்களைப் பாதியில் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மடங்கு கொடுத்தும் அன்று அவர்கள் முகம் சரியில்லை, அதில் எனக்கு வருத்தம்தான். கொட்டேஷனில் 'அலுவலக நேரம், இரவு, ஓய்வு நாள், பொது விடுமுறை' என்று நாலு விலை வரிசை போட்டு வையுங்கள். 'அவசரக் கட்டணம்' என்று மொட்டையாக ஒரு தொகை எழுதினால் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். சட்டப்படி கூலி இவ்வளவு ஏறுகிறது என்று காட்டினால் வெட்டக் கை வராது.

காத்திருக்கும் நேரத்தையும் எழுத்தில் போடுங்கள். தொழிற்சாலை வாசலில் பாஸுக்கு ஒன்றரை மணிநேரம், பாதுகாப்பு விளக்கத்துக்கு ஒரு மணிநேரம், மேற்பார்வையாளர் சாப்பிடப் போனதால் சாவிக்கு முக்கால் மணிநேரம். பட்டர்வொர்த்திலிருந்து வருகிற நீங்கள் காலை ஏழரைக்குப் பாலத்தில் மாட்டிக்கொண்டால் அந்த நேரத்தை யாரிடமும் கேட்க முடியாது. வாசலில் நின்ற நேரத்தைக் கேட்கலாம். முதல் அரை மணி இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று ஒரு வரி போதும்.

உங்கள் வேலை வளாகத்துக்குள் என்பதால் சாலை தோண்டும் அனுமதி தேவையில்லை. வெளிச் சாலை என்றால் தீவில் பினாங்கு மாநகர் மன்றம், அக்கரையில் செபராங் பிறை மாநகர் மன்றம், சில சாலைகளுக்குப் பொதுப்பணித்துறை என்று அனுமதியும் முன்பணமும் வரும். அவற்றை எப்போதும் 'ரசீதுப்படி தனி' என்றே எழுதுங்கள்.

உங்கள் வேலையில் இன்னொன்று இருக்கிறது, அதை நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. கேபிளை அறுத்தது வடிகால் குத்தகைக்காரர். தொழிற்சாலை உங்களுக்குக் கொடுக்கும் பணத்தை அவரிடமோ அவருடைய காப்புறுதியிடமோ திரும்பக் கேட்கும். அதற்கு அவர்களுக்கு ஆதாரம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு செலவையும் வரி வரியாகப் பிரித்த கொட்டேஷன், பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த ஓடிடிஆர் வரைபடம், அறுந்த கேபிளின் படம், நேரம் குறித்த வேலைத் தாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டாகக் கொடுங்கள். 'கேபிள் பழுது, மொத்தம் 3,310' என்று ஒற்றை வரியில் வரும் தாளைவிட இதற்கு மதிப்பு அதிகம். பணமும் சீக்கிரம் வரும்.

விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் எதில் கை வைக்கலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. லாபத்தில் வையுங்கள். கடைசிச் சோதனையிலும் க்ளோஷரிலும் வைக்காதீர்கள். மெஷின் திரையில் ஒளி இழப்பு 0.02 டெசிபல் என்று காட்டுகிறதே, அது படத்தைப் பார்த்துச் செய்த மதிப்பீடு. உண்மை இழப்பை இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடிடிஆர் வைத்துச் சராசரி எடுத்தால்தான் சொல்ல முடியும். பழைய கேபிளையும் புதுக் கேபிளையும் ஒட்டும்போது ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஒளி கூடியதுபோலக்கூடத் தெரியும். மறுபக்கம் பார்த்தால் இழப்பு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். 1310, 1550 நானோமீட்டர் என்று இரண்டு அலைநீளத்திலும் பாருங்கள். தட்டுக்குள் இழை அதிகமாக வளைந்திருந்தால் 1310இல் தப்பித்துக்கொள்ளும், 1550இல் மாட்டிக்கொள்ளும். ஸ்ப்ளைஸுக்கு 0.1 டெசிபலுக்குள் என்று எழுதிக் கொடுத்தால் அதைச் சாதித்துக் காட்டும் தாளும் உங்களிடம் இருக்க வேண்டும்.

எனக்கு மேலே இருந்த ஒரு குத்தகை நிறுவனம் ஒரு முறை என் கொட்டேஷனில் சோதனை வரியை அடித்துவிட்டு, க்ளோஷரையும் தாங்களே மலிவாக வாங்கித் தந்தது. வேலை வேண்டுமே என்று ஒப்புக்கொண்டேன். ஆறு மாதத்தில் ரப்பர் வளையம் வழியாகத் தண்ணீர் இறங்கித் தட்டு முழுக்கச் சேறு. உத்தரவாதம் என் பெயரில் இருந்தது. அந்த நிறுவனத்தின் மேல் இன்னும் எனக்கு ஆற்றாமை உண்டு. ஒப்புக்கொண்ட என் மேல் அதைவிட அதிகம்.

இது தனி ஒருவரின் கதையில்லை. பெரிய நிறுவனம் மெயின் கானுக்கு (முதன்மைக் குத்தகைக்காரருக்கு) கொடுக்கும், அவர் சப் கானுக்கு (துணைக் குத்தகைக்காரருக்கு), அவர் அதற்கும் கீழே இரண்டு பையன்கள் ஒரு வேன் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்கி, கடைசியில் வரும் கோர் விலை நேர்மையாக வேலை செய்யப் போதாததாக இருக்கும். பணமும் அறுபது, தொண்ணூறு நாள் கழித்தே வரும். கேபிளும் கூலியும் இன்றைக்கே கொடுத்தாக வேண்டும். அந்த இடைவெளிக்கு வட்டி யார் கட்டுவது? கீழே இருப்பவர்தான். அவ்வளவு குறைந்த விலையில் ஒரு பையன் துடைக்காமல் ஒட்டினால் அவனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. உங்களுக்கு நேரடியாகத் தொழிற்சாலையே விலை கேட்டிருக்கிறது. நடுவில் யாரும் இல்லை. இந்த இடத்தைப் பத்து வெள்ளி விலை சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். பொருளுக்குப் பாதித் தொகை முன்பணம், மீதி முப்பது நாளில் என்று கேளுங்கள். தரத் தயங்கமாட்டார்கள், அவர்களுக்கு இணைப்பு இல்லாமல் ஓடும் ஒவ்வொரு மணியும் நஷ்டம்.

இந்த வேலை நன்றாக முடிந்தால் அடுத்து வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் கேட்பார்கள். அதில் ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். 'நாலு மணிநேரத்தில் வந்து சேர்வோம்' என்பது வேறு, 'நாலு மணிநேரத்தில் சரிசெய்து தருவோம்' என்பது வேறு. முதலாவது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது மழை, மேன்ஹோல் தண்ணீர், டக்ட் அடைப்பு எல்லாவற்றையும் உங்கள் தலையில் ஏற்றுகிறது. மாதத் தொகை, வந்து பார்ப்பதற்கான தொகை, பழுதுக்கு மேலே சொன்ன ஜாயிண்ட் கணக்கு என்று மூன்றையும் பிரித்தே எழுதுங்கள்.

கடைசியாக மெஷின். வாடகைக்கு எடுங்கள், தவறில்லை. முப்பதாயிரம் வெள்ளிக்கு ஒரு மெஷின் வாங்கி ஐந்து வருடம் ஓட்டுவதாக வைத்தால் வருடத்துக்கு ஆறாயிரம். வருடத்தில் 200 நாள் ஓடினால் நாளுக்கு 30 வெள்ளி. உங்களைப்போல எப்போதாவது 60 நாள் ஓடினால் நாளுக்கு 100. வேலை பெருகும்வரை வாடகைதான் லாபம். என் கணக்கில் 150 என்று போட்ட இடத்தில் உண்மையான வாடகையைப் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற செலவுகள் அப்படியே நிற்கும், விழுக்காட்டுக் கணக்கை மட்டும் மறுபடி போட வேண்டும். இழையின் நடுவில் ஒளி ஓடும் பகுதியைப் பார்த்து நேர்படுத்தும் வகை மெஷினாகக் கேளுங்கள். எடுக்கும்போது கடையிலேயே பத்து ஸ்ப்ளைஸ் போட்டுப் பாருங்கள். எலக்ட்ரோடு தேய்ந்திருந்தால் பொறி தள்ளாடும். க்ளீவர் கத்தி மழுங்கியிருந்தால் கோணம் மீண்டும் மீண்டும் தப்பும், இரவு இரண்டு மணிக்கு வேறு க்ளீவர் எங்கேயும் கிடைக்காது. அப்புறம், உங்கள் ஆட்கள் இதுவரை ஒட்டாதவர்கள் என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அனுபவம் உள்ள ஜாயிண்டர் இருவரை நாள் கூலிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கவும் துடைக்கவும் செய்யட்டும். 96 ஸ்ப்ளைஸ் முடியும்போது அந்தக் 'கீச்' சத்தம் அவர்கள் காதிலும் ஏறியிருக்கும். மேன்ஹோலைத் திறந்து பார்த்துவிட்டு, சுருள் எத்தனை மீட்டர் இருந்தது என்று எழுதுங்கள். கொட்டேஷனைச் சேர்ந்தே பார்க்கலாம்.